அடுப்பு உண்டு, எரிபொருள் உண்டா?

உணவு, உடை, உறைவிடம் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று சிறு வகுப்பிலேயே படித்தோம். ஆனால் அரிசி சோறாக வேண்டுமானால் நெருப்பு வேண்டுமே! அதை ஏன் எவரும் தேவைகளின் வரிசையில் சேர்ப்பதில்லை?

குளிர் நாடுகளில் எரிபொருள் வறுமை என்றால், பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள இயலாமை. நம் நாட்டிலோ அந்த வறுமை சமையலறையில் குடியிருக்கிறது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாங்கள் கூறவில்லை. 2006-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்பை இலவசமாக வழங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கியது. ஏழைப் பெண்களின் பெயரிலேயே 10 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் தரப்பட்டன. இது பாராட்டுக்குரிய பணியே.

எனினும் இணைப்பு வேறு, எரிபொருள் வேறு. 2023-24-இல் உஜ்வலா குடும்பங்கள் சராசரியாக 4 சிலிண்டருக்கும் சற்றுக் குறைவாகவே வாங்கின. ஐந்து பேர் உள்ள வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றரை மாதம் வந்தாலே பெரிது. அப்படியானால் மீதி மாதங்களில் எரிவது எது? விறகுதான்!

நம் ராணிப்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களையே பாருங்கள். தாய்மார்கள் தோல் தொழிற்சாலைக்கும் ஷூ கம்பெனிக்கும் விடியலில் புறப்படுகிறார்கள். ஏரிக்கரையில் வெட்டிய சீமைக்கருவேல விறகை ஊதி ஊதி எரிப்பது வீட்டிலுள்ள பெண் பிள்ளைகளின் வேலையாகிறது. புத்தகம் இருக்க வேண்டிய கையில் ஊதுகுழல்! வீட்டுக்குள் சூழும் புகையால் 2020-இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அனல்மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் கருவிகளைச் செய்வது நம் ஊர் பெல் தொழிற்சாலை. அதே ஊரின் சமையலறைப் புகைக்கு வழி காண முடியாதா?

மானியம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2025-26-ஆம் ஆண்டுக்கு, 9 சிலிண்டர்கள் வரை ஒவ்வொன்றுக்கும் 300 ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஆனால் முழு விலையையும் முதலில் கொடுக்க வேண்டும். மானியம் பிறகுதான் வங்கிக் கணக்கில் சேரும். அன்றாடக் கூலி பெறுபவர் அத்தனை பணத்தை ஒரே நாளில் எங்கிருந்து எடுப்பார்? யானையை வாங்கித் தந்துவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பதா?

நம் நாடு எரிவாயுவில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. உலகச் சந்தையில் விலை ஏறினால் அரசுக்கும் சுமைதான். உண்மையே. ஆனால் 2022-இல் சிலிண்டர் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோது அந்தச் சுமை யார் தலையில் இறங்கியது? தாங்க இயலாதவர் தலையில் அல்லவா?

ஆகவே நாங்கள் வேண்டுவது இரண்டே. மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் சிலிண்டர் தரும்போதே வாங்க வேண்டும். 5 கிலோ சிறு சிலிண்டர் ஒவ்வொரு தெருவிலும் எளிதில் கிடைக்க வேண்டும். வாரக் கூலியில் அதை வாங்கிவிடலாம்.

எத்தனை இணைப்புகள் கொடுத்தோம் என்று எண்ணுவது போதாது. எத்தனை வீடுகளில் விறகடுப்பு அணைந்தது என்று எண்ணுவதே நல்லரசுக்கு அழகு. தோழியரே, நாளை வாக்குரிமை பெறும்போது இந்தக் கேள்வியை நாம் மறவாமல் கேட்போமாக!