சங்கத் தளத்துக்கு ஒட்டிவைத்த பக்கமே போதும்

நம் சங்கத்துக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்ற பேச்சு மீண்டும் எழுந்திருக்கிறது. வேண்டியதுதான். ஆனால் எப்படிப்பட்ட தளம் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. மாறுபடுவோர் அடுத்த இதழில் எழுதலாம்.

பலரும் சொல்வது வேர்ட்பிரஸ் போன்ற ஏற்பாட்டை. 2003-ல் வந்தது, இலவசம், தட்டச்சு தெரிந்த எவரும் பக்கம் சேர்க்கலாம். பொதுவாக, வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது சர்வரில் ஒரு புரோகிராம் ஓடி, தகவல் கிடங்கிலிருந்து விஷயத்தை எடுத்து, அப்போதே பக்கத்தைக் கட்டித் தருகிறது. விசாரணைக் கவுண்ட்டரில் ஒரு குமாஸ்தா, கேட்பவருக்கெல்லாம் லெட்ஜரைப் புரட்டிப் பதில் சொல்வது போல.

இன்னொரு முறை, முன்பெல்லாம் ரயில் பெட்டியில் ரிசர்வேஷன் சார்ட் ஒட்டுவோமே, அது போன்றது. ஒருமுறை ஒட்டிவிட்டால் யாரும் பார்த்துக்கொள்ளலாம். (ரயிலே இல்லாத தீவில் ரயில் உதாரணமா என்று சிரிக்காதீர்கள்; தொழில் பழக்கம்.) ஜெகில் (2008), ஹியூகோ (2013) என்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. கட்டுரையைச் சாதாரண எழுத்துக் கோப்பாகக் கொடுத்தால், தலைப்பு, பட்டியல், இணைப்பு எல்லாம் சேர்த்து நம் கணினியிலேயே எச்.டி.எம்.எல். பக்கங்களாக ஆக்கித் தரும். அவற்றை சர்வரில் ஏற்றினால் வேலை முடிந்தது.

குமாஸ்தா இருக்கும் இடத்தில்தான் ஏமாற்றவும் வழி இருக்கிறது. 2014 அக்டோபரில் துருபல் மென்பொருளில் ஓர் ஓட்டை தெரியவந்தது. அறிவித்த 7 மணி நேரத்துக்குள் சரிசெய்யாத தளங்கள் பறிபோனதாகவே கொள்ளுங்கள் என்று அதன் பாதுகாப்புக் குழுவே எச்சரித்தது. நம் நிர்வாகிகளோ அலுவலகம் போய்வந்து இரவில் சங்க வேலை பார்ப்பவர்கள். 7 மணி நேரத்துக்கு எங்கே போவார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தின் தளத்தில், பொங்கல் விழாப் படங்கள் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் வந்து நின்றது. பழைய மலர்களும் போயின. பிரதி எடுத்துவைக்கவில்லை.

மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரமும் நண்பர்களும் 1998 பொங்கலில் தொடங்கியது. தன்னார்வலர்கள் நம் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து எளிய எச்.டி.எம்.எல். பக்கங்களாகவே வைத்தார்கள். டிஸ்கி எழுத்து முறை போய் யூனிகோடு வந்தபோது கோப்புகளை மாற்றிக்கொண்டார்கள். இன்றும் திறந்து படிக்கிறோம்.

நம் தீவுக்கும் இதுவே பொருந்தும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வரும்வரை ஒரு பக்கம் திறக்க எவ்வளவு நேரம் காத்திருந்தோம்! எளிய பக்கம் மெதுவான இணைப்பிலும் திறக்கும். முழுத் தளத்தையும் பென்டிரைவில் போட்டு, காம்ப்பெல் பே போகும் கப்பலில் கொடுத்தனுப்பலாம்.

குறையும் உண்டு. கப்பல் டிக்கெட் பதிவு போன்ற வேலைக்கு இது மட்டும் போதாது. செயலாளர் மாறினால் புதியவருக்குக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும். அதற்கு நம் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம்மைவிட விரைவில் பிடித்துக்கொள்வார்கள்.

முதலில் சங்கத்தின் பழைய மலர்களை ஏற்றுவோம். ஜங்லிகாட்டில் என் வீட்டு அலமாரியில் சில உள்ளன. செல்லரிக்கத் தொடங்கிவிட்டதால், அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கே கொண்டுவருகிறேன்.