மூடும் முன் ஒரு தாள்

தூத்துக்குடி மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,



கிணறு வெட்டினால் உப்புத் தண்ணீர் ஊறும் கரை இது. வல்லநாட்டிலிருந்து தாமிரபரணியைக் குழாய் வழியே இங்கே கொண்டுவந்தவர், நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. அதற்காகவே ஊர் மக்கள் அவரை இன்றைக்கும் தந்தை என்கிறார்கள். மண்ணுக்குள் மறைந்துபோகிற ஒரு வேலைக்காக ஒரு மனிதரைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடும் ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், தன் வாசலுக்கு அடியில் என்ன புதைந்திருக்கிறது என்று எத்தனை வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்?

60 வார்டுகள், 90 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான பரப்பு. மீளவிட்டான், முத்தையாபுரம், அத்திமரப்பட்டி என்று ஊராட்சிகள் சேர்ந்து வளர்ந்த மாநகராட்சி. பாதாள சாக்கடை, குடிநீர்க் குழாய், மின் கேபிள், தொலைபேசி கேபிள் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவைத் தோண்டுகிறார்கள். ஜேசிபியின் பல் பட்டு வீட்டுக் குடிநீர்க் குழாய் உடைந்தால் பிளம்பருக்குக் கூலி கொடுப்பவர் வீட்டுக்காரர். குழாய் எங்கே போகிறது என்று பிளம்பருக்கும் தெரியாது. கடப்பாரையால் குத்திக் குத்தித்தான் தேடுகிறார்.

கடலோர மண்ணின் குணம் தனி. சில அடி தோண்டினாலே தண்ணீர் சுரக்கிறது, மணல் சரிகிறது. கெட்டிப் பாறையைத் தவிர வேறெந்த மண்ணிலும் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமாகத் தோண்டினால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3764 வகுத்த விதி. பள்ளத்தில் இறங்கும் தொழிலாளியின் உயிரைக் காக்க வந்த விதி என்றாலும், ஓரத்து வீட்டின் அஸ்திவாரத்துக்கும் அதுவே காவல். மோட்டார் வைத்து ஊற்றுத் தண்ணீரை இறைக்கும்போது நுண்மணலும் சேர்ந்து போய்விடும். அந்த ஆண்டு மழை முடிந்ததும் காம்பவுண்டுச் சுவரில் கீறல் விழும். ஒப்பந்ததாரர் அப்போது அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்.

கான்கிரீட்டுக்கும் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் சேர்க்கும் ஐ.எஸ். 456, கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-30 தரம் கேட்கிறது. வீட்டுச் சேம்பரும் செப்டிக் டேங்கும் கட்டும் கொத்தனாருக்கு யாராவது இதைச் சொல்கிறார்களா? உப்பு முதலில் கம்பியைத்தான் தின்னும். கம்பி துருப்பிடித்து வீங்கினால் கான்கிரீட் வெடித்து, கழிவு மண்ணில் இறங்கும்.

செப்டிக் டேங்க் என்றதும் இந்த மாவட்டம் மறக்கக் கூடாத நாள் ஒன்று இருக்கிறது. 2020 ஜூலை 2. கீழ செக்காரக்குடியில் ஒரு வீட்டின் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய நான்கு பேர் விஷவாயு தாக்கி இறந்தார்கள். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனாலும் தொட்டி நிறைந்ததும் வீட்டுக்காரர் தேடுவது குறைந்த கூலிக்கு வரும் ஆளைத்தான். பாதாள சாக்கடை இணைப்பு ஒழுங்காகக் கிடைத்தால் அந்தத் தொட்டிக்கே வேலையில்லை. அந்த இணைப்பு வசதியைப் பற்றியது அல்ல, உயிரைப் பற்றியது.

2023 டிசம்பர் வெள்ளம் இன்னொன்றையும் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வெள்ளம் மேன்ஹோலுக்குள் புகுந்து குழாய் நிறைந்தால், கழிவு தெருவிலிருந்து வீட்டுக்குள் திரும்பும். தெருமட்டத்தைவிடத் தாழ்ந்த கழிப்பறைகள்தான் முதலில் பொங்கும். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் படியேறிப் போன வீடுகள் இன்று படியிறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே சாலை போட வேண்டும் என்று அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு 2021 மே மாதமே அறிவுறுத்தினார். அது ஒவ்வொரு சந்திலும் நடக்க வேண்டும்.

தோண்டுவதற்கு முன் கேபிள், குழாய் உரிமையாளர்களுக்குத் தகவல் சொல்ல மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியைத் தொடங்கியது. கவனமில்லாமல் தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்பது அப்போது அரசே சொன்ன கணக்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் வாசலில் பள்ளம் விழுந்து நிற்கும் வீட்டுக்காரர் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

ஆகவே, ஆணையர் அவர்களே, தங்களிடம் கேட்பது ஒன்றுதான். பள்ளத்தை மூடும் முன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் கொடுக்கச் சொல்லுங்கள். வாசலிலிருந்து குழாய் எத்தனை அடி தள்ளி, எத்தனை அடி ஆழத்தில் போகிறது, சேம்பர் மூடி எந்த மட்டத்தில் இருக்கிறது, குழாயின் அளவு என்ன, எந்தத் தேதியில் மூடினார்கள், ஒப்பந்ததாரர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். திறந்த பள்ளத்தில் அளவுநாடா வைத்து எடுத்த ஒரு புகைப்படமும் வேண்டும். வீட்டுக்காரர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு மண் தள்ளட்டும். இதற்குப் பெரிய செலவு பிடிக்காது. பத்து வருடம் கழித்து வரும் பிளம்பருக்குக் கடப்பாரை தேவைப்படாது. வீட்டை விற்கும்போது பத்திரத்தோடு அந்தத் தாளும் கைமாறும்.

வீட்டுக்காரர்கள் பக்கமும் கடமை உண்டு. மொட்டை மாடி மழைத் தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் திருப்பிவிடுவதை அவர்கள் நிறுத்த வேண்டும். ஒரு தெருவில் பத்து வீடு அப்படிச் செய்தால் கடைசி வீட்டுக் கழிப்பறை பொங்கும். இதையும் அந்தத் தாளிலேயே அச்சடித்துவிடலாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், பக்கிள் ஓடைக் கரையிலிருந்து தொடங்குங்கள். குழாயில் சேராத கழிவு அந்த ஓடையில் இறங்கி, திரேஸ்புரத்துக் கடலுக்குப் போகிறது. 1961-ஓடு முத்துக்குளிப்பு நின்றுபோனாலும், சங்கு குளிக்கிறவர்கள் இன்றைக்கும் இறங்குவது அந்தக் கடலில்தான்.