பேஜர் ஒலித்தால் ஓடுபவர்கள்



பிரிட்டனின் கிராமங்களில் தீயணைப்பு வண்டியில் வருபவர்களில் பெரும்பாலோர் முழுநேர ஊழியர்கள் அல்லர். விவசாயி, கடைக்காரர், தச்சர் என வேறு பிழைப்பு உள்ளவர்கள். பேஜர் ஒலித்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். சுமார் 5 நிமிடத்தில் நிலையத்தை எட்டும் தொலைவில் இருந்தால்தான் பொதுவாக இப்பணியில் சேரவே முடியும். வைக்கோல்போர் தீ மட்டுமா? விபத்தில் நசுங்கிய காரை வெட்டி ஆளை மீட்பதும் இவர்களே.

பகலில்தான் சிக்கல். ஊருக்குள் வேலையில்லாததால் இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். தேவையான ஆள் சேராவிட்டால் வண்டி புறப்படாது. தொலைவிலுள்ள இன்னொரு நிலையத்திலிருந்து உதவி வரும்வரை வீடு எரியும். இந்த ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி நிலையங்களை மூடுவது கொடுமை. அழைப்புக்காகக் காத்திருப்பதற்கு இவர்களுக்குத் தரும் ஊதியத்தை உயர்த்துங்கள். வேலைநேரத்தில் இவர்களை விடுவிக்கும் முதலாளிகளுக்கு வரிச்சலுகை கொடுங்கள்.

– வாசகர், வேல்ஸ்