ஓர் எழுத்து மாறினால்!

ஓர் எழுத்து மாறினால் குடியா முழுகிவிடும்? பட்டாளக் காகிதத்தில் மாறினால், ஒரு விதவையின் பென்ஷனே நின்றுபோகலாம்!

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் பலர். பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்து மாறும். மனைவியின் பெயரைப் பதியாமலும் விட்டிருப்பார்கள். கணவர் கண்மூடிய பிறகுதான் தகராறு தெரியும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர்!

இதைத் திருத்த வழி உண்டு. சிப்பாயின் சர்வீஸ் விவரம், மெடல் விவரம் எல்லாம் அவருடைய படையின் ரிக்கார்டு ஆபீசில் இருக்கும். மதராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில். மதராஸ் சாப்பர்ஸ் படைக்குப் பெங்களூரில். மதுரையிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழிகாட்டும். அதிலும் தீராவிட்டால், 2007-ம் வருஷச் சட்டப்படி அமைந்த ராணுவத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளையில் வாரிசுகளே மனுச் செய்யலாம்.

"காலம் கடந்துவிட்டதே" என்று சோர வேண்டாம். முதல் உலக யுத்தம் 1918-ல் முடிந்தது. இராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கைதான்! இந்தியர், ஆப்பிரிக்கர் முதலியோரில் குறைந்தது 1,16,000 பேரின் பெயர் விட்டுப்போனதாக, காமன்வெல்த் யுத்தக் கல்லறைக் கமிஷனே 2021-ல் ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் ராணுவ மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார்.

கல்லில் விட்ட பெயருக்கே நூறு வருஷம் கழித்து நியாயம் பிறக்கிறது. பெட்டியில் கிடக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை இன்றே பிரித்துப் பார்க்கலாம். சிப்பாய் உயிரோடிருக்கும்போதே பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.