மாலையில் ஒரு மணி நேரம்

கல்வியின் அருமையை நம் சங்க அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய அவசியம் இல்லை. தறிக்குழியிலும் வயல் வரப்பிலும் பாடுபடுவோர் யாவரும் தம் மக்களேனும் நன்கு கற்றுத் தேற வேண்டும் என்றே விரும்புகின்றனர். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கத் தவறுவோர் இன்று மிகச் சிலரே. ஆயினும், சேர்த்ததோடு பெற்றோர் கடமை முடிந்துவிட்டது என்னும் எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. பகலில் ஆசிரியர் கற்பித்த பாடத்தை மாலையில் பிள்ளை தானே ஒரு முறை செய்து பார்த்தாலன்றி அப்பாடம் அதன் உடைமை ஆவதில்லை. அதற்கு வேண்டியது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை நாம் விட்டுக்கொடுக்கிறோமா? 6, 7, 8 ஆகிய நடுநிலை வகுப்புப் பிள்ளைகளை மனத்திற்கொண்டே இக்கேள்வியை எழுப்புகிறேன்.

நடுநிலை வகுப்பின் நிலை

ஐந்தாம் வகுப்பு வரையில் ஒரே ஆசிரியர் பெரும்பாலான பாடங்களையும் கற்பிக்கிறார். பிள்ளையின் குறை அவர் கண்ணில் பட்டுவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து பாடந்தோறும் ஆசிரியர் மாறுகிறார். விகிதம், சதவீதம், தனிவட்டி, இயற்கணிதம் என ஒன்றன்மேல் ஒன்றாகப் பாடங்கள் அடுக்கப்படுகின்றன. விகிதம் விளங்காத பிள்ளைக்குச் சதவீதம் விளங்காது. சதவீதம் விளங்காத பிள்ளைக்கு வட்டிக் கணக்கு வராது. பாவில் ஓர் இழை அறுந்தால் அப்போதே பிணைத்துவிடுவது நெசவாளர் வழக்கம். கவனியாது நெய்துகொண்டே போனால் துணி நெடுகிலும் அக்குறை தொடரும். சங்கத்தில் துணியைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் அது வெளிப்படும். படிப்பும் அத்தகையதே.

தமிழ்நாட்டில் 8-ஆம் வகுப்பு வரையில் எவரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. பிள்ளைகள் மனமொடிந்து பள்ளியை விட்டு விலகாமலிருக்க இது நல்ல ஏற்பாடே. எனினும், பின்தங்கிய பிள்ளையின் நிலை பெற்றோருக்குத் தெரியாமலே மூன்றாண்டுகள் கழிந்துவிடவும் இது இடந்தருகிறது. ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று, "இவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று சொல்லித் தறிக்கு அழைத்துக்கொள்கிறோம். படிப்பு ஏறாமற் போனது அன்றன்று. நாம் கண்டதுதான் அன்று.

காலத்தின் கணக்கு

2010 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டில் 220 வேலை நாட்களும் 1,000 மணி நேரக் கற்பித்தலும் இருத்தல் வேண்டும் என்கிறது. 2020-ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த புத்தகப் பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரையில் வீட்டுப்பாடமே கூடாதென்றும், நடுநிலை வகுப்புகளில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாதென்றும் கூறுகிறது. பள்ளி நாட்களில் நாள்தோறும் ஒரு மணி என்று கொண்டால் ஆண்டுக்கு 220 மணி. மூன்று ஆண்டுகளில் 660 மணி. பள்ளி தரும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற்பட்ட நேரம் இது. ஒரு வீட்டுப் பிள்ளை இதைப் பெற்று, மறு வீட்டுப் பிள்ளை இதை இழந்தால், இருவரும் ஒரே பெஞ்சியில் அமர்ந்திருப்பினும் ஒரே கல்வி பெற்றவர் ஆகார்.

நம் வீடுகளில் மாலை வேளை எவ்வாறு கழிகிறது என்பதை நாம் அறிவோம். பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பியதும் தார் சுற்றும் ராட்டையின் முன் உட்காருகிறது. விவசாயக் குடும்பமாயின் மாட்டுக்குத் தீவனம் வைத்தலும், பால் சங்கத்திற்குப் பால் கொண்டு செல்லலும் அதன் பொறுப்பாகின்றன. பெண் குழந்தையாயின் தண்ணீர் எடுத்தலும், அடுப்படி வேலையும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதும் சேர்ந்துகொள்ளும். எல்லாம் முடித்துப் புத்தகத்தைத் திறக்கும்போது மணி ஒன்பதாகிவிடுகிறது, கண் சொருகிவிடுகிறது.

1953-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயிலட்டும் என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது, 1954-ல் திரு. காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. 1956-ல் பகல் உணவுத் திட்டம் தொடங்கிற்று. 2022 முதல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் கிடைக்கிறது. காலையையும் பகலையும் அரசு கவனித்துக்கொண்டது. மாலை நம் கையில் இருக்கிறது. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதிற்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்த போதிலும், பள்ளி நேரம் போக எஞ்சிய வேளையிலும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று இடம் விட்டிருக்கிறது. ஆகவே மாலையில் ராட்டையா, நோட்டுப் புத்தகமா என்பதைச் சட்டம் தீர்மானிக்கவில்லை. தகப்பனாரும் தாயாருமே தீர்மானிக்கிறார்கள். 1954-ல் அரசு விட்டுக்கொடுத்த பொழுதை மாலையில் நாமே திரும்ப எடுத்துக்கொள்வது முறையாகுமா?

"தார் சுற்ற ஆள் வைத்தால் கூலியில் மிச்சம் ஏது?" என்று அங்கத்தினர் கேட்பது நியாயமே. வீட்டிலுள்ளோர் உழைப்பையும் சேர்த்துத்தான் நெசவுக் கூலி குடும்பத்தைத் தாங்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. பிள்ளை கைவேலையே அறியாமல் வளர வேண்டும் என்பதும் என் கருத்தன்று. நான் கேட்பது மாலைப் பொழுது முழுவதையும் அன்று; அதில் ஒரு மணியை மட்டுமே. அந்த ஒரு மணி முதலில் வரட்டும். ராட்டை பின்னர் வரட்டும். முறையை மாற்றினாலே பாதிப் பயன் கிட்டிவிடும்.

எது வீட்டுப்பாடம்?

பள்ளி ஆசிரியர்களிடமும் பணிவுடன் ஒரு விண்ணப்பம் உண்டு. பாடநூலின் பின்னுள்ள வினாவிடைகளைப் பத்துப் பக்கம் பார்த்தெழுதச் சொல்வது வீட்டுப்பாடம் ஆகாது, கைதான் வலிக்கும். பாடத்தைக் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டால் போதும் என்னும் வழக்கமும் 2020-ல் பள்ளிகள் மூடப்பட்ட காலமுதல் வலுத்துவிட்டது. கைப்பேசியோ தகப்பனாரோடு சந்தைக்குப் போய்விடுகிறது. பெற்றோர் சொல்லிக்கொடுத்தாலன்றிச் செய்ய முடியாத பாடம் படிக்காத பெற்றோரின் பிள்ளைக்குத் தண்டனையே ஆகும். பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு 1993-லேயே, நடுநிலை வகுப்புகளில் பாடநூலைச் சாராத வீட்டுப்பாடமே தரலாம் என்று பரிந்துரைத்தது.

நல்ல வீட்டுப்பாடத்திற்கு மூன்று இலக்கணங்கள் போதும். சிறிதாக இருத்தல், நாள்தோறும் இருத்தல், மறுநாளே திருத்தப்படுதல். ஐந்து வினாக்கள் என்றால், இரண்டு அன்றைய பாடத்திலும், இரண்டு சென்ற வாரப் பாடத்திலும், ஒன்று சென்ற மாதப் பாடத்திலும் அமையலாம். கற்றது சில நாட்களிலேயே பெரும்பகுதி மறந்துபோகும் என்பதை 1885-ல் ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கிக் கண்டார். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பயில்வதே அதற்கு மருந்து. அன்றன்றைய வரவு செலவை அன்றன்றே பதியாத சங்கத்தின் பேரேடு தணிக்கை வேளையில் எக்கதிக்கு உள்ளாகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையின் நோட்டும் ஒரு பேரேடுதான்.

மேலும், நம் வீட்டிலேயே நல்ல கணக்குகள் கிடக்கின்றன. 840 கஜம் நீளமுள்ள சிட்டா நூல் நாற்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பதே 40-ஆம் நம்பர் நூலின் பொருள். அப்படியானால் ஒரு பவுண்டில் எத்தனை கஜம்? 33,600. எண்பதாம் நம்பரில்? 67,200. நம்பர் ஏற ஏற நூல் ஏன் மெலிகிறது என்று பிள்ளை சிந்தித்தால் விகிதம் விளங்கிவிடும். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏக்கருக்குச் சுமார் 40,470 லிட்டர் நீர் கிடைத்ததாகக் கணக்கிடும் பிள்ளைக்குப் பரப்பளவும் கன அளவும் வெறும் சூத்திரங்களாக இரா. சங்கத்தில் 12,000 ரூபாய் கடன், வட்டி நூற்றுக்கு 7 என்றால், ஆறு மாதத்திற்கு 420 ரூபாய் என்று எழுதிக் காட்டும் பிள்ளை, தகப்பனாருக்குப் பாஸ்புத்தகத்தைப் படித்துக் காட்டவும் கற்றுவிடும். எழுதப் படிக்கத் தெரியாத தாயாரும், "நான் சொல்லும் நூல் கணக்கைப் போடு" என்று பிள்ளையை ஏவலாம். பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு என்பதற்கு இது போதும்.

சங்கம் செய்யத் தக்கது

இத்தனையும் சொல்லிய பின், "வீட்டில் இடம் ஏது?" என்னும் கேள்வி எஞ்சுகிறது. ஒரே அறையில் தறியும் அடுப்பும் படுக்கையும் இருக்கும் வீட்டில், தறியின் ஓசைக்கிடையே பிள்ளை எங்ஙனம் படிக்கும்? இங்கேதான் சங்கத்தின் உதவி தேவைப்படுகிறது. ஆய்வின் பொருட்டு நான் செல்லும் சங்கங்கள் பலவற்றில் மாலை ஆறு மணிக்குக் கட்டிடம் பூட்டப்பட்டுவிடுகிறது. விளக்கு இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, மகாசபைக் கூட்டத்திற்கு வாங்கிய ஜமக்காளமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இவற்றை நாள்தோறும் ஆறு முதல் ஏழு மணி வரை அங்கத்தினர் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன?

"சங்கம் நூலும் உரமும் வழங்கத்தானே ஏற்பட்டது?" எனச் சிலர் கேட்கலாம். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-ல் 28 பேர் சேர்ந்து தொடங்கிய சங்கமே நவீனக் கூட்டுறவுக்கு முன்னோடி. அவர்களுள் கம்பளித் துணி நெய்வோர் பலர். முதல் நாள் அவர்கள் கடையில் இருந்தவை வெண்ணெய், சர்க்கரை, மாவு, சில மெழுகுவத்திகள் போன்ற சொற்பச் சரக்குகளே. சில ஆண்டுகளுக்குள் அக்கடையோடு ஒரு வாசகசாலையும் அமைத்து, இலாபத்தில் நூற்றுக்கு 2½ பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். அகில உலகக் கூட்டுறவு இணையம் 1995-ல் வகுத்த ஏழு கோட்பாடுகளுள் ஐந்தாவது கல்வியே.

இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஊரில் பட்டம் பெற்ற இளைஞரோ, மேல்வகுப்பு முடித்த பெண்ணோ ஒருவர் மேற்பார்வையிட்டால் போதும். 2021-ல் அரசு தொடங்கிய "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தில் தன்னார்வலர்கள் இவ்வாறே மாலை வேளைகளில் 8-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். மேற்பார்வையாளர் பாடத்தைப் பிள்ளைக்காகச் செய்து தருதல் கூடாது. ஐயம் கேட்டால் வழி காட்டினால் போதும். வருகைப் பதிவு ஒன்று, கரும்பலகை ஒன்று, பாடநூல் இரண்டு தொகுதி, சிறு மதிப்பூதியம், இவ்வளவே செலவு. உபவிதிகள் இடந்தரும் சங்கங்கள் இதனைப் பொது நல நிதியிலிருந்து செய்யலாம். மற்றவை மகாசபையில் தீர்மானம் கொண்டுவரலாம். பெண் குழந்தைகள் தவறாது வருவதற்கு, திரும்பும் வேளையில் தாய்மார் இருவர் முறை வைத்து உடன் செல்லும்படி ஏற்பாடு வேண்டும். இதனை மறந்தால் திட்டத்தின் பாதிப் பயன் போய்விடும்.

நாம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லத் தக்க நிலமும் தறியும் அநேகரிடம் மிகச் சொற்பமே. கற்ற பிள்ளை தறியிலேயே இருப்பினும் கூலிக் கணக்கில் ஏமாறாது; சங்கத்தின் வரவு செலவைக் கேட்டறியும்; நாளை நிர்வாகக் குழுவில் அமரும். வேறு உத்தியோகம் தேடினாலும் அதற்கும் தகுதி பெற்றிருக்கும். எனவே அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், "மாலைப் படிப்பு வேளை" என்னும் ஒரு பொருளைச் சேர்க்குமாறு தலைவர்களையும் டைரக்டர்களையும் வேண்டிக்கொள்கிறேன். அதுவரையில் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வீட்டில், விளக்கு ஏற்றியதும் ஒரு மணி நேரம் ராட்டையை நிறுத்திவைப்பாராக.