பிழைத்த தாய்மாரையும் பதிவு செய்யுங்கள்

நிறைமாதக் கர்ப்பிணிகள் பலருக்கும் கர்ப்பப்பை சற்று வலப்புறம் திரும்பியே இருக்கும், அது இயல்புதான். மிக அரிதாகச் சிலருக்கு அது 45 டிகிரியைத் தாண்டி, பெரும்பாலும் 180 டிகிரி அளவுக்கு, தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்கிறது. மெல்லிய சுவருள்ள சிரைகள் முதலில் நசுங்குகின்றன. உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்க, குழந்தைக்கு ஆக்சிஜன் குறைகிறது. தாயின் ரத்த அழுத்தமும் சரிந்துவிடலாம். ஃபைப்ராய்டு கட்டி, சினைப்பைக் கட்டி, பிறவியிலேயே மாறுபட்ட கர்ப்பப்பை அமைப்பு, குழந்தை குறுக்காகக் கிடப்பது ஆகியவை இதற்கு வழிவிடக்கூடும். சிலரிடம் எந்தக் காரணமும் தென்படுவதில்லை.

வயிற்றுவலி, ரத்தப்போக்கு, குழந்தையின் இதயத்துடிப்பு குறைவது என அறிகுறிகள் எல்லாம் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவதைப் போலவே இருப்பதால், பெரும்பாலும் வயிற்றைத் திறந்த பிறகே உண்மை தெரிகிறது. அப்போதும் ஆபத்து விலகுவதில்லை. 180 டிகிரி திரும்பிய கர்ப்பப்பையில் மருத்துவரின் கண்முன் இருப்பது அதன் பின்பக்கம். அதை அறியாமல் கத்தி வைத்தால் பின்சுவர் வெட்டுப்படும். முந்தைய ஸ்கேனில் முன்புறம் இருந்த நஞ்சுக்கொடி இப்போது பின்புறம் தெரிவதும், திறந்தவுடன் சினைப்பையின் ரத்தநாளங்கள் குறுக்கே ஓடுவதும் எச்சரிக்கைகள். ஆனால் பணிக்காலம் முழுவதும் ஒருமுறைகூட இதைப் பார்க்காத மருத்துவருக்கு, எங்கோ பார்த்த ஒருவர் எழுதி வைத்திருந்தால்தான் இவை தெரியும். எருமைகளுக்கு இந்த முறுக்கம் அடிக்கடி நேர்வதால், கால்நடை மருத்துவர்கள் விரைவில் இனம்கண்டு, மாட்டை உருட்டியே சரிசெய்துவிடுகிறார்கள். பெண்களிடமோ, 1992-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று உலக மருத்துவ இதழ்களிலிருந்து திரட்டியது இருநூற்றுச் சொச்சம் நேர்வுகளைத்தான்.

தனிமனித அனுபவத்தால் கற்க முடியாததை ஓர் அமைப்புதான் கற்க வேண்டும். தாய் மரணங்களை ஆராய்வதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. ஆனால் மரணத்தின் விளிம்புவரை போய்ப் பிழைத்தவர்களில் பலர், நல்ல மருத்துவர் ஒருவரின் நினைவில் மட்டுமே தங்கிவிடுகிறார்கள். எது தவறியது என்பதை மரணம் சொல்லும். எது காப்பாற்றியது என்பதைப் பிழைத்தவரின் குறிப்பேடுதான் சொல்லும். பிழைத்தவர்களைப் பற்றிய இத்தகைய ஆய்வுக்கு மத்திய அரசு 2014-லேயே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இத்தனை அறுவைகள் நடக்கும் மாநிலத்தில், உள்ளே கண்ட அரிய நிலைகளை ஓரிடத்தில் சேர்க்காமல் விடுவது பெரிய இழப்பு.

ரத்தப்போக்கும் உயர் ரத்த அழுத்தமும் பலரைக் கொல்லும்போது, ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராத ஒன்றுக்கு ஏன் செலவிட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. நான் கேட்பது இந்த ஒரு நோய்க்கான தனித் திட்டம் அல்ல, இதுபோன்ற அரிய நிலைகள் எல்லாவற்றுக்குமான ஒரு பொதுப் பதிவு. பிரிட்டனில் 2005 முதல் மகப்பேறு மருத்துவமனைகளிடம், குறிப்பிட்ட சில அரிய நிலைகளில் எதையாவது கண்டீர்களா என்று மாதந்தோறும் கேட்கிறார்கள். இல்லை என்றாலும் பதில் வர வேண்டும். அந்த ஏற்பாடு இருந்ததால்தான் 2009 பன்றிக்காய்ச்சலின்போதும் 2020 கொரோனாவின்போதும் கர்ப்பிணிகள் பற்றிய தகவல்களை அங்கே உடனே திரட்ட முடிந்தது. அரிய நோய்களுக்காகப் போட்ட பாதை பெருந்தொற்றுக்கும் உதவியது.

இன்னொரு மறுப்பு, விசாரணைக்கு அஞ்சி மருத்துவர்கள் எதையும் எழுத மாட்டார்கள் என்பது. அந்த அச்சம் பொய்யல்ல. அதனால்தான் இந்தப் பதிவு, நடவடிக்கை எடுக்கும் அதிகாரிகளின் கைக்குப் போகக் கூடாது. தாயின் பெயரும் மருத்துவரின் பெயரும் இல்லாமல், மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தனிப் பிரிவு ஒன்று அதைப் பெறட்டும். தனியார் மருத்துவமனைகளும் இதில் சேர வேண்டும். அங்கே நடக்கும் பிரசவங்களை விட்டுவிட்டால் கணக்கு பாதிதான்.