கத்தரிக்கோலால் பிறந்த சித்திரப்படம்



பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்து சித்திரப்படம் பார்க்கும்போது, அடுப்படிக்கும் முன்னறைக்கும் இடையே நடமாடும் நாமும் இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போகிறோம். பறக்கும் குதிரை, அற்புத விளக்கு, மலைக்குள்ளே பூதம்! படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். அந்தப் பெயர்களை யார் வாசிக்கிறார்கள்? அதிலே இடம்பெறாமல் போன பெயர்களைப் பற்றி யார் சிந்திக்கிறார்கள்?

அப்படி ஒரு படத்துக்குப் பின்னால் இருந்தவர்களைத்தான் இம்மாதம் உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். படத்தின் பெயர் ‘இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்’. 1926இல் ஜேர்மனியில் வெளியானது. உலகில் இன்று எஞ்சியிருக்கும் முழுநீளச் சித்திரப்படங்களில் மிகப் பழையது இதுதான். நம்மில் பலர் முதலாவது என்று எண்ணியிருக்கும் வோல்ட் டிஸ்னியின் ‘ஸ்னோ வைட்’ இதற்குப் பதினொரு வருடங்கள் கழித்து, 1937இல்தான் வந்தது.

இந்தப் படத்தை உருவாக்கியவர் ஒரு பெண் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவர் பெயர் லொட்டே றைனிகர். 1899இல் பேர்லின் நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே கறுப்புத் தாளை வெட்டி நிழலுருவங்கள் செய்வதில் அவருக்கு அலாதிப் பிரியம். வீட்டாருக்கு நிழற்கூத்து நடத்திக் காட்டுவார். 1918இல் போல் வெகனர் என்ற நடிகர், எலிகளை ஊரைவிட்டு அழைத்துச் செல்லும் குழற்காரனின் கதையைப் படமாக்கினார். உயிருள்ள எலிகள் சொன்னபடி நடக்குமா? நடக்கவில்லை. மரத்தால் எலிகள் செய்து, அவற்றைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம் பிடித்தார்கள். அந்த வேலையில் பங்கெடுத்த இளம் பெண்தான் லொட்டே.

1923இல் லூயி ஹாகன் என்ற வங்கியாளர் அவரிடம் ஒரு யோசனை சொன்னார். அப்போது ஜேர்மனியில் பணத்தின் பெறுமதி தலைகீழாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு பாண் வாங்கக் கோடிக்கணக்கான மார்க் கொடுக்க வேண்டிய காலம். கையிலுள்ள பணம் கடதாசியாகிவிடும் என்று பயந்த ஹாகன், பெருமளவு பிலிம் சுருள்களை வாங்கி வைத்திருந்தார். அதைக் கொண்டு ஒரு முழுநீளப் படமே செய்யலாமே என்றார். சித்திரப்படம் என்றால் சில நிமிடங்கள் ஓடும் வேடிக்கை என்றே உலகம் எண்ணியிருந்த காலம் அது. லொட்டேக்கு அப்போது வயது இருபத்தைந்தைத் தாண்டவில்லை. ஆனாலும் அவர் சம்மதித்தார்.

பொட்ஸ்டாம் நகரில் ஹாகனின் வீட்டுக் கராஜின் மேல்மாடிதான் அவர்களுடைய தொழிற்கூடம். லொட்டே கறுப்பு மட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் கத்தரித்து உருவங்களை ஆக்குவார். தலை, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே வெட்டிக் கம்பியால் இணைப்பார். கண்ணாடி மேசையில் உருவத்தைக் கிடத்தி, கீழிருந்து வெளிச்சம் கொடுத்து, மேலே கட்டிய கமராவால் ஒரு படம் எடுப்பார்கள். பிறகு கையை ஒரு நூலளவு நகர்த்தி, இன்னொரு படம். மீண்டும் நகர்த்தி, மீண்டும் ஒன்று.

படம் ஓடும் நேரம் ஏறத்தாழ 65 நிமிடங்கள். ஒரு விநாடிக்கு 18 படங்கள் என்று குறைத்துக் கணக்குப் பார்த்தாலும் எழுபதாயிரம் தடவை அந்தக் கை நகர்ந்திருக்க வேண்டும்! இப்படியே மூன்று வருடங்கள். ஒரு சட்டைக்குக் கையாலே எம்பிராய்டரி போட்டு முடித்த சகோதரிகளுக்கு இந்தப் பொறுமையின் விலை விளங்கும்.

லொட்டே தனித்து இதைச் செய்யவில்லை. கமராவுக்கும் தொழில்நுட்ப வேலைகளுக்கும் பொறுப்பாக நின்றவர் அவருடைய கணவர் கார்ள் கொச். மந்திரக் காட்சிகளின் புகையையும் ஒளியையும் ஆக்கியவர் வோல்டர் றுட்மன். கடலலையும் புயலும் பேர்தோல்ட் பார்தோஷ் என்பவரின் கைவண்ணம். இசையமைத்தவர் வொல்ஃப்காங் செல்லர். மனைவியின் கற்பனைக்குக் கணவர் துணை நிற்க, ஆண்கள் பலர் ஒரு பெண்ணின் தலைமையில் வேலை செய்த கூடம் அது.

ஊரெல்லாம் பட்டினி கிடக்கும் 1923இல் இளவரசர் கதைக்கு என்ன வேலை என்று றுட்மன் ஒருமுறை கேட்டாராம். தாம் இப்போது உயிரோடு இருப்பதையும் இந்த வாய்ப்புக் கிடைத்ததையும் தவிர வேறு தொடர்பில்லை என்ற கருத்தில் லொட்டே பதில் சொன்னாராம். காலம் கெட்டுக் கிடக்கிறதே என்று கைத்திறனை மூட்டை கட்டி வைத்தவர்கள் நம்மிலும் எத்தனை பேர்!

சகோதரிகளே, இதை அக்காலத்து வேறு கலைக்கூடங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1930களில் டிஸ்னி நிறுவனத்தில் சித்திரம் வரையும் வேலை கேட்டு விண்ணப்பித்த பெண்களுக்கு, அது இளைஞர்களுக்குரிய வேலை என்று பதில் கடிதம் போயிருக்கிறது. ஆண்கள் வரைந்ததன் மேல் மையிழுத்து நிறம் தீட்டுவதுதான் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி. ‘ஸ்னோ வைட்’ படத்துக்காக அப்படி இரவு பகலாக உழைத்த பெண்களின் பெயர்கள் திரையில் வரவேயில்லை.

திரையில் வராத இன்னொரு பெயரும் இருக்கிறது. அது நம்மில் பலர் கேள்விப்படாத பெயர்.

இளவரசர் அஹ்மதும் பரீபானுவும், பறக்கும் மரக்குதிரை, அலாவுதீனின் விளக்கு ஆகிய மூன்று கதைகளைப் பின்னித்தான் லொட்டே தமது படத்தைச் செய்தார். மூன்றும் ‘ஆயிரத்தொரு இரவுகள்’ நூலில் உள்ளவை என்று உலகம் சொல்கிறது. ஆனால் அந்த நூலை முதன்முதலில் பிரெஞ்சு மொழிக்குக் கொண்டுவந்த அந்துவான் கலான் இம்மூன்றையும் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுக்கவில்லை. 1709இல் பரிஸ் நகரில் அவருக்கு இவற்றைச் சொன்னவர் ஹன்னா தியாப் என்ற வாலிபர். சிரியாவின் ஹலப் நகரத்தவர், மாரோனியக் கிறிஸ்தவ அரபி. கலான் தமது நாட்குறிப்பில் இவரைக் குறித்து வைத்தார். அச்சிட்ட நூலிலோ பெயரைச் சொல்லவில்லை. ஹன்னா ஊர் திரும்பிப் புடவை வியாபாரம் செய்தார். முதுமையில் தமது பயணங்களை அரபியில் எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி வத்திக்கான் நூலகத்தில் கிடந்து, அண்மைக் காலத்தில்தான் ஆய்வாளரின் கண்ணில் பட்டது. 2015இல் அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வெளிவந்தது. கதையோ முந்நூறு வருடங்கள் உலகைச் சுற்றியது. சொன்னவர் பெயர் பின்னாலேயே தங்கிவிட்டது.

லொட்டேயின் பிற்கால வாழ்வும் இலகுவாக இருக்கவில்லை. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அவரும் கணவரும் ஜேர்மனியை விட்டு வெளியேறினார்கள். எந்த நாடும் நிரந்தரமாக இருக்க அனுமதிக்கவில்லை. விசா முடிய முடிய நாடு மாறினார்கள். போரின் நடுவே, நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள லொட்டே பேர்லினுக்கே திரும்பினார். 1945இல் அந்த நகரம் நடந்த போரில் சிக்கியபோது, அவரது படத்தின் மூலப் பிலிம் அழிந்து போனது. மூன்று வருட உழைப்பு!

ஆனால் வேறு நாடுகளுக்குப் போயிருந்த பிரதிகள் தப்பின. 1949இல் தம்பதியர் லண்டனில் குடியேறினர். அங்கே 1950களில் லொட்டேயின் படங்களுக்காக ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியவர் யார் தெரியுமா? வங்கியாளர் ஹாகனின் மகன். யூத வம்சத்தவர் என்பதால் இளமையில் நாஸிகளின் முகாமில் துன்பப்பட்டு, பிரித்தானியா வந்து சேர்ந்தவர். தமது வீட்டில் பிறந்த அந்தக் கலையை அவர் மறக்கவில்லை. லொட்டே 1981இல், 82 வயதில் காலமானார். தப்பிய பிரதியைக் கொண்டு 1999இல் படம் பழைய வண்ணச் சாயல்களோடு புதுப்பிக்கப்பட்டது.

இந்தப் படத்தைத் தேடிப் பார்க்க விரும்பும் தாய்மாருக்கு இரண்டு வார்த்தை. பரீபானு நீராடும் காட்சியும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொருந்தாத வேறு சில இடங்களும் இதில் உண்டு. முதலில் நீங்கள் பாருங்கள். ஆபிரிக்க மந்திரவாதியைக் கோரமாகக் காட்டியிருப்பதும் அக்கால ஐரோப்பியரின் பார்வை என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். கலையைப் பாராட்டுவது வேறு, கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது வேறு.

விடுமுறை நாளில் இன்னொன்றும் செய்து பாருங்கள். கறுப்பு மட்டையில் ஒரு குதிரையை வெட்டி, கால்களை நூலால் பொருத்தி, வெள்ளைச் சீலைக்குப் பின்னால் விளக்கேற்றி அசைத்துக் காட்டுங்கள். ஒரேயொரு கால் சரியாக அசைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைப் பிள்ளைகளே காணட்டும். அதன்பின் எந்தப் படம் பார்த்தாலும், “உம்மா, இதை யார் செய்தது?” என்ற கேள்வி தானாகவே வரும்.

அந்தக் கேள்வி வந்தால், பெயர்கள் ஓடி முடியும்வரை அவர்களோடு நீங்களும் அமர்ந்திருங்கள்.